ஐம்பதைக் கடந்த பெண்ணின் உடலும் உடையும்

ஐம்பது வயதை எட்டிய பெண்மணியின் உடலைப் பற்றி நம் குடும்பங்களில் இரண்டு பேச்சுகளே வழங்கி வந்தன. சற்றுப் பருத்திருந்தால், 'பூசினாற்போல் இருக்கிறார்' என்பார்கள். மெலிந்திருந்தால், 'என்ன இப்படி இளைத்துவிட்டீர்கள்?' என்று கவலைப்படுவார்கள். இன்று பேத்தியின் கைப்பேசி வழியாக மூன்றாவது பேச்சொன்று வீட்டுக்குள் நுழைந்துள்ளது: 'உங்களுக்கு வயதே தெரியவில்லை.' மூன்றுமே பார்ப்பவரின் கண்ணிலிருந்து பிறந்தவை. ஸஜ்தாவிலிருந்து எதையும் பற்றிக்கொள்ளாமல் எழ முடிகிறதா என்று அப்பெண்மணியிடம் யாரும் கேட்பதில்லை. நமது நோக்கில் முதலில் கேட்க வேண்டியது அதுவே.

நபிமொழி நூல்களில் இதற்கு நெருக்கமான இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று பலரும் அறிந்தது. பயணமொன்றில் நபி (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப் பந்தயம் வைத்துக்கொண்டார்கள். அன்னையார் முந்தினார்கள். பின்னாளில் அன்னையாரின் உடலில் சதை பிடித்த பின் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தி, முந்தைய தோல்விக்கு இது ஈடு என்று வேடிக்கையாகச் சொன்னார்கள். இதை அபூதாவூத் பதிவு செய்துள்ளார். அன்னையார் அப்போதும் இளம் வயதினரே. ஆகவே இதை முதுமைக்குச் சான்றாக்க இயலாது. எனினும், தம் உடல் பெருத்ததைத் தாமே கூச்சமின்றி எடுத்துரைக்கும் அந்தத் தொனி கவனத்திற்குரியது.

மற்றது அன்னை ஸவ்தா (ரலி) அவர்களைப் பற்றியது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருவது. அவர்கள் கனத்த உடலும் மெதுவான நடையும் கொண்டவர்கள். ஹஜ்ஜின்போது முஸ்தலிஃபாவில், மக்கள் நெரிசல் தொடங்குமுன் தாம் புறப்பட்டுவிட அனுமதி கேட்டார்கள். நபியவர்கள் அனுமதித்தார்கள். தாமும் அவ்வாறு கேட்டிருக்கலாமே என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பின்னர் எண்ணியதுண்டு. ஒரு பெண்ணின் கனத்த உடல் இங்கே பரிகாசத்திற்கோ அறிவுரைக்கோ பொருளாகவில்லை. அவ்வுடலுக்கு ஏற்ப வழி விடப்பட்டது. பலவீனருக்கான சலுகையைப் பேசும் ஃபிக்ஹு நூல்கள் இச்செய்தியையும் ஆதாரமாகக் கொள்கின்றன.

இனி மருத்துவம் சொல்வதைக் காண்போம். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதளவில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு விரைவாகத் தேய்கிறது, தசையும் குறைகிறது, இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றை நோக்கி இடம் மாறுகிறது. எனவே எடைக் கருவி காட்டும் எண் மாறாமலேயே உடலின் உள்ளமைப்பு மாறிவிடலாம். தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டுவது நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றுக்கான எச்சரிக்கையாகக் கருதப்படுகிறது. மெலிய வேண்டும் என்ற ஒரே நோக்கில் உணவைக் குறைக்கும் பெண் கொழுப்போடு தசையையும் இழக்கிறார். தசை இழந்தவர் குளியலறையில் வழுக்கினால் தம்மைத் தாங்கிக்கொள்ள இயலாது. எலும்பும் தேய்ந்திருந்தால் இடுப்பு முறிகிறது. முதுமையில் இடுப்பு முறிந்த பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பையும், இரண்டு நாட்களாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் கோருகிறது. 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரம் மூன்று நாட்கள் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும். நம்மவர் நடையோடு நின்றுவிடுகிறார்கள். வலுவூட்டுவதை இளைஞர்களின் வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வதும், சுவரில் கை வைத்துத் தள்ளுவதும், தண்ணீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்கி இறக்குவதும் வலுவூட்டும் பயிற்சிகளே. மூட்டுவலி வந்ததும் நிரந்தரமாக நாற்காலித் தொழுகைக்கு மாறிவிடுவோர் பெருகியுள்ளனர். இயலாதவருக்கு அது மார்க்கம் தந்த சலுகை. அதில் குறை காண ஏதுமில்லை. ஆனால் தொடைத் தசையை வலுப்படுத்தினால் மூட்டின் சுமை குறையும் என்பதை அறியாமலே நாற்காலிக்குப் போனவர்களும் அவர்களுள் உண்டு.

உடைக்கு வருவோம். வடசென்னை துணியால் எழுந்த ஊர். வண்ணாரப்பேட்டை, கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்களால் பெயர் பெற்றது. திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம். காலெட் பேட்டையே மக்கள் நாவில் காலடிப்பேட்டையாயிற்று. தமிழ் முஸ்லிம் பெண்களில் ஒரு தலைமுறையினர் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி வெளியே சென்றனர். வளைகுடாத் தொடர்பு பெருகிய பின் அவ்விடத்தைக் கறுப்புப் புர்கா பிடித்தது. இப்போது கல் பதித்த அபாயாக்கள் வந்துள்ளன. ஆக, நாகரிக மாற்றம் நம் பெண்களுக்குப் புதிதன்று.

அல்குர்ஆன் 24ஆம் அத்தியாயத்தின் 60ஆம் வசனம் முதிய பெண்களைத் தனியே குறிப்பிடுகிறது. மண வாழ்வை எதிர்நோக்காத வயதினர், அலங்காரத்தை வெளிக்காட்டும் நோக்கமின்றி மேலாடையைக் களைவதில் குற்றமில்லை என்றும், அதைத் தவிர்ப்பது அவர்களுக்கு மேலானது என்றும் அது கூறுகிறது. எந்த வயதிலிருந்து, எந்த ஆடை என்பதில் விரிவுரையாளர்களிடையே விவாதம் உண்டு. அதற்குள் நாம் போகவில்லை. முதுமைக்கென உடையில் ஒரு தளர்வைத் திருமறையே பேசியிருக்க, பல வீடுகளில் பாட்டிக்குப் பேத்தியைவிட இறுக்கமான விதி நடைமுறையில் இருப்பது மட்டும் வியப்பளிக்கிறது.

அன்றாட வாழ்வில் உடையின் அளவும் துணியும் பெரிதும் பொருட்படுத்தத் தக்கவை. தரையைக் கூட்டும் அபாயா, இராயபுரத்துக் குறுகிய மாடிப்படிகளிலும் ஷேர் ஆட்டோவின் உயர்ந்த படியிலும் காலை இடறிவிடும். விளிம்பு கணுக்காலோடு நிற்கட்டும். சென்னையின் புழுக்கத்தில் பாலியெஸ்டரைவிடப் பருத்தி உகந்தது. கொலுசுக் கடையில் அரைநாள் செலவிடும் நாம், குதிகாலைப் பிடித்து நிற்கும் காலணிக்கு அரைமணி கொடுப்பதில்லை. வைட்டமின் டி குறைபாட்டுக்குப் புர்காவை மட்டும் குற்றவாளியாக்குவதும் சரியன்று. புர்கா அணியாத இந்தியரிடமும் அது பரவலாகக் காணப்படுகிறது. மொட்டை மாடியில் முகத்திலும் கைகளிலும் வெயில் படுமாறு சிறிது நேரம் நடப்பதற்கு எந்த உடையும் தடையன்று.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. 1870களின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கியது. ஆண்டின் பெரும்பகுதி நம் கரையோர நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை அமைத்தார். வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. இன்று மணலுக்குப் பதிலாகக் கற்பாறைச் சுவர்களே நிற்கின்றன. தென்சென்னைப் பெண்மணிக்கு நடைபாதையாக வாய்த்தது வடசென்னைப் பெண்மணி இழந்த கரை என்று சொன்னால் மிகையாகாது. எஞ்சியுள்ள எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கே இடம் போதவில்லை. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது மக்கள் வீடுகளை விட்டு ஓட நேர்ந்தது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அத்தகைய இரவில் எடை குறைந்தவரா, வயது தெரியாதவரா என்பது பொருளற்றது. கால் ஓடுமா என்பதே கணக்கு.

2018ஆம் ஆண்டு ஹஜ் முதல், 45 வயதைக் கடந்த பெண்கள், தம் மத்ஹபு அனுமதிப்பின், மஹ்ரமின்றிக் குழுவாக இந்திய ஹஜ் கமிட்டி மூலம் செல்ல வழி திறக்கப்பட்டது. ஸஃபா, மர்வாவுக்கிடையே ஏழு நடை சேர்ந்தால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். பச்சை விளக்குகளுக்கிடையே ஆண்களே விரைகிறார்கள். பெண்களுக்கு அது விதிக்கப்படவில்லை. அந்த ஓட்டமோ அன்னை ஹாஜரா (அலை) என்ற தாயின் ஓட்டத்தின் நினைவு. தவாஃபும் மினாவின் நடைகளும் தனி. பயணத்திற்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே நடையைத் தொடங்கினால்தான் உடல் பழகும்.

எங்கே நடப்பது? மண்ணடியிலும் இராயபுரத்திலும் ஜமாஅத்துகளுக்குரிய திருமண மண்டபங்கள், மதரஸாக் கூடங்கள் வேலை நாட்களில் ஃபஜ்ருக்குப் பின் பூட்டிக் கிடக்கின்றன. வாரம் ஐந்து நாட்கள், காலையில் ஒரு மணி நேரம், அவற்றைப் பெண்களுக்கென்று திறந்துவிடலாம். சுவரோரம் நாற்காலிகள் ஏற்கெனவே அடுக்கப்பட்டுள்ளன.