சீனச் சரக்கா, உள்நாட்டுச் சரக்கா: சிறு வணிகரின் கொள்முதல் கணக்கு

சீனாவின் ஈவூ மொத்தச் சந்தையிலிருந்தோ குவாங்சோ தொழிற்சாலையிலிருந்தோ வரும் விலைப்பட்டியலை உள்நாட்டு வணிகர் சொல்லும் விலையோடு ஒப்பிடும் சிறுதொழில் முனைவோர், இறக்குமதிச் சரக்கு பாதி விலைக்குக் கிடைப்பதாகப் பல வேளைகளில் எண்ணிவிடுகின்றனர். ஆயினும் அவ்விரண்டும் ஒப்பிடத்தக்க விலைகள் அல்ல. முன்னது அயல்நாட்டுத் துறைமுகத்தில் நிற்கும் சரக்கின் விலை, பின்னது பெரும்பாலும் கடை வாசலில் வந்து இறங்கும் சரக்கின் விலை.

ஏற்றுமதியாளர்கள் பொதுவாக எஃப்.ஓ.பி. என்ற முறையில் விலை சொல்வார்கள்; சரக்கைக் கப்பலில் ஏற்றுவது வரையிலான செலவு மட்டுமே அதில் அடங்கும். கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்துச் சொல்லப்படும் விலை சி.ஐ.எஃப். ஆகும். சி.ஐ.எஃப். என்றால் சென்னைத் துறைமுகம் வரை விற்பவரே பொறுப்பு என்று கருதுவது பரவலான பிழை. செலவு அவருடையதே என்றாலும், சரக்கு கப்பலில் ஏறிய கணத்திலேயே சேதத்தின் இடர் வாங்குபவரிடம் வந்துவிடுகிறது. மேலும், முழுக் கொள்கலனை நிரப்பும் அளவுக்கு வாங்க முடியாதவர் பிறர் சரக்கோடு தம் சரக்கையும் சேர்த்து அனுப்பும்போது, கப்பல் கட்டணம் மிகக் குறைவாகக் காட்டப்பட்டு, அந்தக் குறைவு இறங்கும் துறைமுகத்தில் வசூலிக்கப்படும் கையாளுதல் கட்டணங்களில் ஈடுகட்டப்படுவதும் உண்டு.

இதற்கு மேல் வருவது வரி. ஒரு பொருளின் சி.ஐ.எஃப். மதிப்பு ரூ.1,00,000 என்றும், அதற்கான அடிப்படைச் சுங்கவரி 10 விழுக்காடு என்றும் கொண்டால், சுங்கவரி ரூ.10,000, அவ்வரியின் மீது 10 விழுக்காடு சமூக நலக் கூடுதல் வரி ரூ.1,000, இவை சேர்ந்த ரூ.1,11,000 மீது 18 விழுக்காடு ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. ரூ.19,980 என மொத்தம் ரூ.30,980 செலுத்த வேண்டியிருக்கும். ஜி.எஸ்.டி. தொகையை உள்ளீட்டு வரி வரவாகப் பின்னர் ஈடுசெய்துகொள்ளலாம் என்பது உண்மையே. ஆனால் சரக்கு விற்றுத் தீரும் வரை அது முடங்கிய பணம், இணக்க வரித் திட்டத்தில் உள்ள சிறு கடைக்காரருக்கோ அந்த வரவும் கிடையாது.

உண்மையில் இந்த ஒப்பீட்டின் மையம் விலையைவிட முடங்கும் பணத்தில்தான் இருக்கிறது. சீன விற்பனையாளரிடம் முன்பணமாக 30 விழுக்காடும், சரக்கு கையில் கிடைக்கும் முன்பே மீதமும் செலுத்துவது வழக்கமாகிவிட்ட நிலையில், உற்பத்தி, கடற்பயணம், சுங்க அனுமதி எல்லாம் முடிய ஏறத்தாழ இரண்டு மாதம் பிடிக்கலாம். அதற்குள் டாலரின் மதிப்பு ஏறினால் மீதத் தொகையும் ஏறும். மாறாக, உள்நாட்டுக் குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்குபவருக்கு, எழுத்து வடிவ ஒப்பந்தம் இருந்தால் 45 நாள் வரை தவணை பெற 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள். வட்டியில்லாத அந்தத் தவணையை எந்த விலைப்பட்டியலும் காட்டுவதில்லை.

அரசின் விதிகள் இடையில் மாறுவது இன்னொரு இடர். பொம்மைகளுக்கான சுங்கவரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது; 2021 ஜனவரி 1 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் கட்டாயமாயிற்று. அந்த முத்திரைக்கான உரிமத்தை அயல்நாட்டுத் தொழிற்சாலைதான் பெற வேண்டுமே தவிர, இறக்குமதி செய்பவர் பெற இயலாது. கோவில்பட்டி, சிவகாசிப் பகுதியின் தீப்பெட்டித் தொழிலை நெருக்கிவந்த மலிவுச் சிகரெட் லைட்டர்களில், ரூ.20க்குக் குறைந்த மதிப்புடையவற்றின் இறக்குமதி 2023 ஜூனில் தடைசெய்யப்பட்டது. ஒரே பொருளை நம்பி இறக்குமதி செய்தவருக்கு அத்தகைய அறிவிப்பு வணிகத்தின் முடிவாகவே அமையக்கூடும்.

உள்நாட்டு விற்பனையாளர் எனப்படுபவரும் எப்போதும் உற்பத்தியாளர் அல்லர். சென்னைப் பாரிமுனையிலோ தில்லி சதர் பஜாரிலோ கிடைக்கும் பொருள்களில் பலவும் சீனாவிலிருந்து வந்தவையே. அங்கே கொடுக்கும் கூடுதல் விலை, மேற்கூறிய இடர்களை வேறொருவர் சுமந்ததற்கான கூலி எனலாம். சிறு முதலீட்டாளருக்கு அக்கூலி பெரும்பாலும் நியாயமானதே. ஆண்டு முழுதும் ஒரே அளவில் விற்று, விரைவில் பழசாகாத, இங்கே உற்பத்தியாகாத பொருளுக்கு மட்டுமே நேரடி இறக்குமதி பொருந்தும். பருவத்துக்கும் மோஸ்தருக்கும் ஏற்ப மாறும் சரக்குக்கும், பழுதானால் மாற்றித் தர வேண்டிய சரக்குக்கும் ராஜ்கோட், லூதியானா, திருப்பூர் போன்ற உள்நாட்டு மையங்களே ஏற்றவை.

இறக்குமதியில் இறங்க விரும்புவோர், முன்பணம் அனுப்புவதற்கு முன்பே, பொருளின் சுங்க வகைப்பாட்டைக் குறிக்கும் எச்.எஸ். குறியீட்டு எண்ணைச் சுங்க முகவர் ஒருவரிடம் கொடுத்து, தர முத்திரை தேவையா என்பதையும் கிடங்கு வந்து சேரும் வரையிலான முழுச் செலவையும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.