கடல் தாண்டி வந்தவர்களும் கடல் தெய்வங்களும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே ராப்சன் குன்றின் மேல் ஒரு பெரிய சீனக் கோயில் இருக்கிறது. ஆறு அடுக்குக் கட்டடமும் சிவப்புத் தூண்களும் வரிசை வரிசையாய்த் தொங்கும் விளக்குகளும் கொண்ட அதைப் பார்க்காதவர் குறைவு. பள்ளி விடுமுறையில் தோட்டத்திலிருந்து பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி வந்து காட்டியவர்களும் நம்மில் உண்டு. ஆனால் அங்கே குடியிருப்பது யார் என்று கேட்டால் நம்மவர் பலருக்குத் தெரியாது.

அவள் ஒரு கடல் தெய்வம். தியான் ஹோ என்றால் விண்ணரசி என்று பொருள். மாஜு என்பது அவளது இன்னொரு பெயர். கி.பி. 960-இல் சீனாவின் பூஜியான் கரையோரத்தில் பிறந்த பெண் என்று சொல்கிறார்கள். தந்தையும் சகோதரர்களும் கடலில் புயலில் சிக்கியபோது, வீட்டிலிருந்தபடியே தியானத்தில் ஆழ்ந்து அவர்களைக் காக்க முயன்றாளாம். அவள் மறைந்தபின் மீனவர்களும் மாலுமிகளும் அவளையே கும்பிட்டார்கள். ஹைனான் வம்சாவளியினர் 1980-களில் கட்டி முடித்த கோயில் இது. அதே சந்நிதியில் கன்யினும், நீர்க்கரைத் தெய்வம் ஒருத்தியும் உடன் அமர்ந்திருக்கிறார்கள்.

கடல் கிள்ளான் பக்கம் இருக்கிறது. இந்தக் குன்றிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. அப்படியிருக்க, நகரத்து நடுவே கடல் தெய்வத்துக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது. இவர்களுடைய பாட்டன்மார் கடல் தாண்டி வந்தவர்கள். அப்படியானால் நம் பாட்டன்மார்? அவர்கள் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டுக் கப்பல் ஏறினார்கள்? அதைப் பார்க்குமுன், உலகத்திலேயே பெயர் பெற்ற கடல் தெய்வம் ஒருவரை அறிந்துகொள்வோம்.

கோபக்காரப் போசைடன்

பழங்காலக் கிரேக்கர்களின் கடல் தெய்வம் போசைடன். ரோமானியர்கள் நெப்டியூன் என்று அழைத்ததும் ஏறக்குறைய இவரைத்தான். 1846-இல் கண்டுபிடிக்கப்பட்ட கிரகத்துக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள்.

உலகத்தைப் பங்கு போட மூன்று அண்ணன் தம்பிகள் சீட்டுப் போட்டார்களாம். வானம் ஜியூஸுக்கும், பாதாளம் ஹேடிஸுக்கும், கடல் போசைடனுக்கும் விழுந்தது. அவர் கையில் முச்சூலம் இருக்கும். சிவபெருமானின் சூலம் போலத் தோன்றினாலும் அது மீன் குத்தும் ஈட்டியின் வடிவம். அந்தச் சூலத்தால் தரையைக் குத்தினால் பூமி அதிரும். அதனால் ‘பூமியை ஆட்டுகிறவர்’ என்றும் அவருக்குப் பெயர். குதிரைகளுக்கும் அவரே தெய்வம்.

ஏதென்ஸ் நகரம் யாருக்கு என்று போசைடனுக்கும் அதீனா தேவிக்கும் போட்டி வந்தது. போசைடன் பாறையைக் குத்தினார். உப்புநீர் ஊற்று பீறிட்டது. அதீனா ஒரு ஒலிவ மரத்தை முளைக்க வைத்தாள். குடிக்க உதவாத உப்புநீரைவிட எண்ணெய் தரும் மரமே மேல் என்று நகரம் அதீனாவுக்குப் போயிற்று. ஆனாலும் ஏதென்ஸ்காரர்கள் போசைடனைப் பகைத்துக்கொள்ளவில்லை. சூனியன் முனையில் கடலைப் பார்த்தபடி அவருக்குக் கோயில் எழுப்பினார்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் அந்தச் சலவைக்கல் தூண்கள் இன்றும் நிற்கின்றன.

அவருடைய கோபத்துக்கு ஆளான மனிதன் ஒடிசியூஸ். போர் முடிந்து வீடு திரும்பும் வழியில், ஒற்றைக் கண் அரக்கன் ஒருவனின் கண்ணைக் குத்தித் தப்பினான். அந்த அரக்கன் போசைடனின் மகன்! அவ்வளவுதான், மனைவியும் மகனும் காத்திருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர ஒடிசியூஸுக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. கூட வந்த அத்தனை பேரையும் இழந்து தனியாகத்தான் கரை சேர்ந்தான்.

இந்தப் போசைடன் நம் மண்ணையும் மிதித்திருக்கிறார். மகாராஷ்டிராவின் கோலாப்பூரில் 1940-களில் நடந்த அகழ்வில் அவரது சிறிய வெண்கலச் சிலை கிடைத்தது. யவனர்கள் தங்கம் கொண்டுவந்து மிளகு ஏற்றிச்சென்ற காலத்துப் பொருள் அது. எந்த வணிகன் மூட்டையில் வந்ததோ!

கடல் விழுங்கிய இரண்டு நகரங்கள்

கிரேக்கத்தில் ஹெலிகே என்றொரு நகரம் இருந்தது. போசைடன் வழிபாட்டுக்குப் புகழ்பெற்ற ஊர். கி.மு. 373-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் ஓரிரவு பூமி அதிர்ந்தது; கடல் எழுந்து வந்து ஊரை மூடியது. வழிபாடு கேட்டு வந்தவர்களை ஊரார் அவமதித்தார்கள், தெய்வம் தண்டித்துவிட்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். தண்ணீருக்கடியில் போசைடனின் வெண்கலச் சிலை நின்றுகொண்டிருக்கிறது, மீனவர் வலைகள் அதில் சிக்குகின்றன என்றும் பின்னாளில் கதை சொன்னார்கள். 2001-இல் ஆய்வாளர்கள் அந்த நகரத்தைக் கண்டுபிடித்தபோது அது கடலுக்குள் இல்லை. கரையோரச் சமவெளியில் மண்ணுக்கடியில் புதைந்து கிடந்தது.

இதைப் படிக்கும்போது நமக்குப் பூம்புகார் நினைவுக்கு வராமல் போகுமா? மணிமேகலைக் காப்பியம் சொல்வதும் இதேபோன்ற கதைதான். தன் குழந்தை வந்த கப்பல் உடைந்தது என்று கேட்ட சோழ மன்னன், பிள்ளையைத் தேடி அலைந்த துயரத்தில் இந்திர விழாவை நடத்த மறந்தான். தெய்வக் கோபம் மூண்டது; புகாரைக் கடல் கொண்டது. கிரேக்கர்கள் கதையில் ஊர் செய்த பிழை ஆணவம். தமிழர் கதையிலோ, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனின் மறதி. அதையும் கடல் மன்னிக்கவில்லை என்பதுதான் மனத்தைத் தைக்கிறது.

ஆனால் கிரேக்கர்களிலேயே வேறு மாதிரி யோசித்தவரும் உண்டு. கி.மு. 426-இல் கடல் பின்வாங்கிப் பிறகு பாய்ந்து வந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதிய துசிடிடிஸ் என்ற வரலாற்றாசிரியர், பூகம்பம்தான் இதற்குக் காரணம், பூகம்பமில்லாமல் இப்படி நடக்காது என்று எழுதினார். 2,400 ஆண்டுகளுக்கு முன் சொன்ன சொல்! பூமியின் அதிர்ச்சியையும் கடலின் எழுச்சியையும் ஒரே தெய்வத்தின் கையில் கொடுத்த பாமர மக்களும் ஏதோ ஓர் உண்மையைக் கண்டுகொண்டுதான் இருந்தார்கள்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் நாம் அதைக் கண்ணால் கண்டோம். சுமத்ராவுக்கு அருகே கடலடி அதிர்ந்தது. நம் நாட்டில் 68 உயிர்கள் போயின. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நம் முன்னோர் கப்பல் ஏறிய அதே நாகப்பட்டினம்.

வருணன் எங்கே போனான்?

தமிழனுக்குக் கடல் தெய்வம் இல்லையா? இருந்தது. தொல்காப்பியம் மலைக்குச் சேயோனையும் காட்டுக்கு மாயோனையும் வயலுக்கு வேந்தனையும் கடற்கரைக்கு வருணனையும் தெய்வமாக வகுத்திருக்கிறது. சேயோனாகிய முருகன் பத்துமலையில் நிற்கிறான்; ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயிலிலும் இருக்கிறான். மாயோனாகிய திருமாலுக்கும் கோயில்கள் ஏராளம். வருணனுக்கு மட்டும் தனிக் கோயில் காண்பது அரிது.

வருணன் மறையவில்லை, வேலை மாறிவிட்டான். மழைக்குத் தெய்வமாகவும் மேற்குத் திசைக்குக் காவலனாகவும் ஆகிவிட்டான். இராமாயணத்தில் ஒரு முறை அவனைப் பார்க்கிறோம். இலங்கைக்குப் போக வழி கேட்டு இராமன் கடற்கரையில் தவம் கிடக்கிறான். வருணன் வரவில்லை. வில்லை எடுத்தபிறகுதான் ஓடிவந்து பணிகிறான் என்று கம்பன் பாடினான். போசைடன் மனிதனைக் கடைசிவரை அலைக்கழித்தார். நம் வருணனோ இறங்கிவந்து வழிவிட்டான்.

ஆனால் கரையோரத்துப் பரதவர்களுக்கு அவனைத் தவிர வேறு வழிபாடும் இருந்தது. பட்டினப்பாலை அதைக் காட்டுகிறது. கடலுக்குப் போகாத முழுமதி நாளில், சுறாமீனின் கொம்பை மணலில் நட்டு, அதில் தெய்வம் இருப்பதாக எண்ணிப் பூச்சூடி விழா எடுத்தார்களாம். உயிரை வாங்கக்கூடிய மீனின் கொம்பே சாமி! அஞ்சியதையே கும்பிட்டார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு உறவான வழக்கம் உண்டு. கிள்ளானுக்குத் தெற்கே கேரித் தீவில் நம்மவர் பல தலைமுறை தோட்ட வேலை செய்தார்கள். அதே தீவில் வாழும் மா மெரி பூர்வகுடி மக்கள் ஆண்டுதோறும் கடற்கரையில் பூசை செய்து, கடலோர மூதாதை ஆவிகளிடம் காவல் வேண்டுகிறார்கள். பினாங்கு தெலுக் பஹாங்கில் மாசி மகத்தன்று சிங்கமுகக் காளியம்மன் மிதவைத் தேரில் கடலில் வலம் வருகிறாள்.

நடுக்கடலில் வந்த தேவி

கோவலன் தன் மகளுக்கு மணிமேகலை என்று ஏன் பெயர் வைத்தான் தெரியுமா? அவனுடைய முன்னோன் ஒருவன் கப்பல் உடைந்து நடுக்கடலில் தத்தளித்தபோது, மணிமேகலா தெய்வம் தோன்றிக் காப்பாற்றியது. அந்த நன்றிக்கடனே அந்தப் பெயர்.

இந்தத் தெய்வம் தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. புத்த ஜாதகக் கதை ஒன்றில், பொன் தேடிச் சுவர்ணபூமிக்குப் புறப்பட்ட மகாஜனகன் கப்பல் கவிழ்ந்து ஏழு நாள் நீந்துகிறான். மணிமேகலை தோன்றி, கரையே தெரியாத கடலில் எதற்காக நீந்துகிறாய் என்று கேட்கிறாள். முயற்சி செய்தவன் செத்தாலும் யாருக்கும் கடன்படவில்லை என்ற கருத்தில் அவன் பதில் சொல்ல, மனம் மகிழ்ந்து தூக்கிச்சென்று கரை சேர்க்கிறாள். தாய்லாந்திலும் கம்போடியாவிலும் இவளே மேகலா. கையில் மணியை ஏந்தி மின்னலைக் காட்டி நடனமாடுகிறாள்.

அன்று கடல் வந்தவர்களின் கைச்சான்றும் நம் நாட்டில் கிடைத்திருக்கிறது. 1834-இல் செபராங் பிறையில் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ‘செம்மண் நாட்டு’ மாலுமித் தலைவன் புத்தகுப்தன் என்பவன் தன் பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்று பொறித்து வைத்த கல் அது. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முந்தியது. எழுதத் தெரிந்தவன் கல்லில் எழுதினான். எழுதத் தெரியாதவர்கள்?

ரஜூலா ஏறியவர்கள்

அவர்கள்தாம் நம் முன்னோர். கங்காணி பேச்சை நம்பியும் பஞ்சத்துக்குத் தப்பியும் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களுக்கு வந்தார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று ஊர் பயமுறுத்தியது. கடலைக் காணாத உழவர்களும் அவர்களில் நிறையப் பேர். ஒரு வாரத்துக்கு மேல் கப்பல் தளத்தில் பாயை விரித்துப் படுத்து, வாந்தியும் மயக்கமுமாகப் பினாங்குக்கோ போர்ட் சுவெட்டன்ஹாமுக்கோ வந்து சேர்ந்தார்கள். 1901-இல் திறக்கப்பட்ட அந்தத் துறைமுகம் 1972-இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. அங்கிருந்து ரயிலேறித் தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். ரயில் வேலைக்கு அமர்ந்தவர்களில் பலர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் தங்கினார்கள்.

அவர்கள் கும்பிட்டது யாரை? குலசாமியை நினைத்துத் திருநீறு முடிந்துகொண்டார்கள். நாகூரில் அடங்கிய சாகுல் ஹமீது ஆண்டகையை, கப்பல் ஓட்டையை அடைத்துக் காத்தவர் என்ற நம்பிக்கையால், முஸ்லிம்கள் மட்டுமன்றி இந்துக்களும் வேண்டிக்கொண்டார்கள். அந்த நன்றியின் அடையாளங்கள் பினாங்கு சூலியா தெருவிலும், சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலும் நாகூர் தர்காக்களாக நிற்கின்றன. புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகளைக் கரை சேர்த்தவள் என்று வேளாங்கண்ணி மாதாவை நம்பினார்கள். மதம் வேறாயிருந்தாலும் அலை ஒன்றுதானே!

1926-இல் கட்டப்பட்ட ரஜூலா 1973-இல் இந்தத் தடத்தை விட்டது. அதற்குப்பின் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் நேர்ந்தது; அத்தோடு அந்தப் பயணிகள் சேவையே முடிந்தது. இன்று நான்கு மணி நேரத்தில் சென்னைக்கு விமானத்தில் பறக்கிறோம். கடலைப் பற்றிய அச்சமும் போயிற்று, அந்த நினைவும் போய்க்கொண்டிருக்கிறது.

துடுப்பை நட்ட இடம்

ஒடிசியூஸின் கதைக்கு ஒரு மிச்சம் உண்டு. போசைடனின் கோபம் தணிய அவனுக்கு ஒரு பரிகாரம் சொல்லப்பட்டது. ஒரு துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு உள்நாட்டுக்குள் நடக்கவேண்டும். கடலையே அறியாத ஊரில் யாராவது அதைக் கண்டு, களத்தில் பொலி தூற்றும் பலகையா என்று கேட்பார். அங்கே துடுப்பை நட்டுப் பலி கொடுத்துவிட்டு வீடு திரும்பலாம்.

நம் பாட்டன்மாரும் கடலை விட்டு உள்நாட்டுக்குள் நடந்தார்கள். ரப்பர் காட்டுக்கு நடுவே ஒரு கல்லை நட்டு மாரியம்மன் என்றும் முனியாண்டி என்றும் கும்பிட்டார்கள். பல தோட்டக் கோயில்களின் தொடக்கம் இதுதான். அந்தக் கல்லை நாம் வெறும் கல்லாகப் பார்த்தால், துடுப்பைப் பலகை என்று நினைத்தவனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டார்கள். ஆகவே வாசகர்களே, வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் இன்றே பக்கத்தில் உட்காருங்கள். அவர்களோ அவர்களைப் பெற்றவர்களோ எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில், எந்தத் துறையில் வந்து இறங்கினார்கள், அலை உயர்ந்தபோது எந்தச் சாமியின் பெயரைச் சொன்னார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளின் பள்ளிப் புத்தகத்தின் கடைசித் தாளிலாவது அதை எழுதி வையுங்கள். புத்தகுப்தன் ஒரு கல்லில் எழுதி வைத்தான். 1,500 ஆண்டு கழித்தும் அவன் பெயர் நமக்குத் தெரிகிறது.