ஒரு துளி பினாப்தலீன்

இரசாயனப் பாடநூலைப் புதிதாகத் திறக்கும் மாணவரைச் சலிப்படையச் செய்யும் அத்தியாயம் ஒன்று உண்டு. அமிலம், காரம், உப்பு என்பது அதன் தலைப்பு. குடுவையில் காரக் கரைசலை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு துளி பினாப்தலீன் இட்டு, இளஞ்சிவப்பு நிறம் மறையும் வரை பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ஒரே அளவு திரும்பவும் வரும்வரை இதையே செய்யவேண்டும். நிறம் மறைவதைப் பார்ப்பதற்கா கல்லூரிக்கு வந்தோம் என்று எண்ணாத மாணவர் அரியர். அவருக்கு விடை சொல்ல வல்லது பாலாற்றங்கரை. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் பதனிடும் ஊர்களில், அந்த ஒரு துளியை நம்பித்தான் நாள்தோறும் வேலை நடக்கிறது.

முற்காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே தோலைப் பதனிட்டனர். குழிகளில் வாரக்கணக்கில் ஊறும் தோலின் பக்குவத்தை அனுபவசாலியின் விரலும் மூக்கும் அறிந்து சொல்லின. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் சென்னையில் குரோமியம் கொண்டு பதனிடும் முறையைச் சோதித்துக் காட்டினார். நாளடைவில் அம்முறையே எங்கும் பரவிற்று. வாரங்கள் நாட்களாகச் சுருங்கின. வேகம் கூடியபொழுது விரலும் மூக்கும் போதவில்லை; அளந்து பார்க்கும் கல்வி வேண்டியதாயிற்று. 1915-இல் சென்னையில் தோல் தொழிலுக்கென ஒரு பயிற்சி நிலையமும், 1948-இல் அடையாற்றில் அடிக்கல் நாட்டப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் அத்தேவையை ஒட்டி எழுந்தவையே.

தோல் என்பது பெரும்பாலும் கொல்லாஜன் என்னும் புரத நார்களால் ஆயது. அந்நார் மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய வடிவினது என்று 1954-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எடுத்துரைத்தனர். அந்த இழைகளின் பக்கங்களில் அமிலத் தன்மை கொண்ட தொகுதிகளும் காரத் தன்மை கொண்ட தொகுதிகளும் உள்ளன. சுற்றியுள்ள நீர் காரமாயின் ஒருவகை மின்னேற்றமும், அமிலமாயின் எதிர்வகை மின்னேற்றமும் நார்களில் மிகும். ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும்; இடைவெளியில் நீர் புகும்; தோல் பருக்கும். இதனால்தான் தோலை எந்த நிலையில் எத்தனை அமிலத்தன்மையில் வைப்பது என்பது முழுத் தொழிலுக்கும் அடிப்படையாகிறது.

அமிலத்தன்மையைக் குறிக்க நாம் வழங்கும் பி.எச். என்னும் அளவு, 1909-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவடி ஆலையின் சோதனைச் சாலையில் சோரன்சன் என்பவர் வகுத்தது. தொழிற்கல்வியைத் தாழ்வாகக் கருதுவோர் இதனை அறிவது நலம். பாடநூலின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று ஆலையிலிருந்து கல்லூரிக்கு வந்ததேயன்றிக் கல்லூரியிலிருந்து ஆலைக்குப் போனதன்று.

மயிரை நீக்குவதற்காகச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் தோலை இடுவர். அங்கே பி.எச். ஏறத்தாழ 12.5. குரோமியம் ஏற்றுவதற்கு முன்னர் உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் ஊறவைப்பர். அங்கே அது 3 அளவுக்கு இறங்கிவிடும். பி.எச். ஒன்று குறைந்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 10 மடங்கு பெருகும் என்று படித்திருக்கிறோம். அப்படியானால் இந்தத் தோல் கடந்துவந்த மாற்றம் நூறு கோடி மடங்குக்கும் மேற்பட்டது!

இவ்விரு நிலைகளுக்கும் நடுவே, அமோனியம் சல்பேட்டு போன்ற உப்புகளால் சுண்ணாம்பை நீக்கும் கட்டம் ஒன்றுண்டு. அது முடிந்ததா என்பதை எப்படி அறிவது? தோலின் தடித்த பகுதியில் கத்தியால் ஒரு வெட்டு. வெட்டுவாயில் ஒரு துளி பினாப்தலீன். நடுவே இளஞ்சிவப்புக் கோடு தோன்றினால் உள்ளே சுண்ணாம்பு எஞ்சியுள்ளது. நிறம் ஏதும் இல்லையேல் அடுத்த வேலைக்குப் போகலாம். மேலே தொட்டுப் பார்த்து முடிந்துவிட்டதென்று அவசரப்பட்டவருடைய தோலில் குரோமியம் சீராக ஏறாது. ஓரிடத்தில் கரடும் ஓரிடத்தில் மென்மையுமாகத் தோல் கெடும். அமில ஊறலிலும் இவ்வாறே உப்பை முன்னதாக இடுதல் வேண்டும். உப்பின்றி அமிலம் மட்டும் சேர்ந்தால் நார்கள் அளவுக்கு மீறிப் பருத்துத் தோல் பாழாகும்.

தோல் கெட்டால் நட்டம் பணத்தளவே. இதே அத்தியாயம் உயிரோடு தொடர்புறும் இடம் ஒன்றுண்டு. பகுப்பாய்வுச் சோதனைக்காக இரும்புச் சல்பைடின் மேல் நீர்த்த அமிலத்தை ஊற்றி, அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைத் தயாரித்ததை மாணவர் நினைவுகூர்க. சுண்ணாம்புத் தொட்டியின் கழிவு நீரில் இருப்பதும் சல்பைடே. பி.எச். 10-க்கு மேல் உள்ளவரை அது அயனிகளாக நீரில் கட்டுண்டு கிடக்கும். அமில ஊறலின் கழிவு நீர் அதே கால்வாயில் வந்து கலந்தால், சோதனைச் சாலையில் குழாயளவில் நிகழ்ந்தது இங்கே தொட்டியளவில் நிகழும். அமிலம் கலவாத தொட்டியிலும் அபாயம் இல்லாமலில்லை. நாட்பட்ட சேற்றில் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் சல்பேட்டிலிருந்து அதே வாயுவை உண்டாக்கும். அவ்வாயு காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தங்கும். இன்னொரு கொடுமை, செறிவு மிகும்பொழுது அது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்வது. நாற்றம் அடங்கிவிட்டது என்று நம்பி இறங்குகின்றவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்குகின்றவரும் விழுகிறார். கழிவுத் தொட்டிகளில் இறங்கிய தொழிலாளர் இவ்வாறு மடிந்த செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். இரு கழிவுகளுக்கும் தனித்தனிக் கால்வாய் வேண்டும், சல்பைடு நீரில் மாங்கனீசு சல்பேட்டைச் சிறிது சேர்த்துக் காற்றூட்டிச் சல்பைடை ஆக்சிகரணம் செய்யவேண்டும், தொட்டிக்குள் மனிதரை இறக்கலாகாது என்ற விதிகளுக்கெல்லாம் காரணம் முதலாண்டுப் பாடத்திலேயே அடங்கியிருக்கிறது.

குரோமியத்தின் கதை சற்று ஆறுதலானது. வழக்கமான முறையில் இடுகின்ற குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை தோலில் ஏறாமல் நீரோடு போய்விடும். அந்நீரில் மக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்தினால் குரோமியம் ஹைட்ராக்சைடு வீழ்படிவாக அடியில் தங்கும். அதனைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடியும் பதனிடப் பயன்படுத்தலாம். ஆய்வுக்கூடத்தில் வடிதாளில் எஞ்சும் பச்சை நிறக் கூழ் இங்கே முதலாளிக்குப் பணம், ஆற்றுக்கும் காப்பு.

ஆனால் சாதாரண உப்பு இப்படிப் பணிவதில்லை. பச்சைத் தோல் அழுகாதிருக்க 100 கிலோவுக்குச் சுமார் 40 கிலோ உப்பு இடுவது வழக்கம். அமில ஊறலிலும் உப்பே. அவ்வளவும் கழுவும் நீரில் கரைந்து வெளியேறுகிறது. சோடியம், குளோரைடு இரண்டும் எளிதில் வீழ்படிவாகா. வெள்ளி நைட்ரேட்டு சேர்த்தால் குளோரைடு படியுமே என்று கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். படியும், ஐயமில்லை, ஆனால் அதற்கு வேண்டிய வெள்ளியை வாங்க எந்த ஆலையாலும் இயலாது. ஆகவே பல்லாண்டுகள் அந்த உப்பு நீர் பாலாற்று மணலிலும் வயல்களிலும் கிணறுகளிலும் சென்று சேர்ந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்றும், கேடு நேருமுன்னரே தடுத்தல் வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது.

அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வூடு பரவலுக்கு எதிர்த்திசையில் அழுத்தம் கொடுத்து நீரைப் பிரிக்கும் இயந்திரங்களும், மிச்ச நீரைக் காய்ச்சி வற்றச்செய்யும் கொப்பரைகளும் வந்தன. நீர் மீண்டும் ஆலைக்குப் போகிறது. அடியில் எஞ்சுவதோ சோடியம் குளோரைடும் சல்பேட்டும் வேறு அழுக்குகளும் கலந்த உப்பு. அதனைச் சமையலுக்கும் உதவாமல், தோலுக்கும் எளிதில் உதவாமல், மழைபடாத கொட்டகைகளில் மூட்டைகளாக அடுக்கிவைக்கிறார்கள். அக்கலவையைக் குறைந்த செலவில் பிரித்தெடுப்பது எப்படி என்னும் ஆராய்ச்சி தொடர்ந்து நடந்துவருகிறது. அதற்கு வேண்டிய முதல் அறிவு கரைதிறன் பற்றியது. பாடநூலில் அமிலம், காரம், உப்பு என்னும் அத்தியாயத்தை அடுத்து வருவதும் பெரும்பாலும் அதுவே.