விழித்திருக்கும் மூளையில் அறுவை

மூளையில் தோன்றும் கட்டிகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகளிலிருந்து வளரும் மெனிஞ்சியோமா என்ற கட்டி பெரும்பாலும் மூளையை அழுத்துமே தவிர அதற்குள் நுழைவதில்லை; எனவே பல நேரங்களில் அதை முழுமையாகப் பிரித்தெடுத்துவிட முடிகிறது. நரம்புச் செல்களுக்குத் துணையாக நிற்கும் கிளையல் செல்களின் இனத்தைச் சேர்ந்த கிளையோமா என்ற கட்டியோ மூளைத் திசுவுக்குள்ளேயே உருவாகி, வயலில் அருகம்புல் மண்ணுக்கடியில் வேரோடுவதைப் போல நரம்பிழைகளின் வழியே பரவிச் செல்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் விளிம்புக்கு அப்பாலும் அதன் செல்கள் இருக்கும். கட்டி படர்ந்துவிட்ட பகுதிக்குள்ளும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் நல்ல நரம்புச் செல்கள் இருக்கும்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வால்டர் டாண்டி, வலப்பக்க மூளையில் கிளையோமா வந்து ஏற்கெனவே உடலின் இடப்பக்கம் செயலிழந்துவிட்ட சிலருக்கு, வலது பெருமூளை அரைக்கோளத்தையே முழுவதுமாக அகற்றிப் பார்த்து, அதன் விளைவை 1928இல் வெளியிட்டார். அப்படிச் செய்தும் சிலருக்குக் கட்டி மீண்டும் தலைகாட்டியது. எவ்வளவு தூரம் வெட்டினாலும் கிளையோமாவின் கடைசிச் செல்லைக் கத்தியால் எடுத்துவிட முடியாது என்பது அந்தத் துணிச்சலான முயற்சியிலேயே தெளிவாகிவிட்டது. ஆனால் கட்டியை எவ்வளவுக்கெவ்வளவு அதிகமாக எடுக்கிறோமோ, அவ்வளவுக்கு நோயாளியின் ஆயுள் நீள்கிறது என்பதையும் பிற்காலத்து ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. எனவே எவ்வளவு எடுப்பது என்பதைக் காட்டிலும் எங்கே நிறுத்துவது என்பதே இந்த அறுவையின் மையக் கேள்வியாகிறது. அதற்கான விடை கட்டியில் இல்லை, அதைச் சுற்றியுள்ள மூளையின் செயலில்தான் இருக்கிறது.

மூளையின் எந்தப் பகுதி எந்த வேலையைச் செய்கிறது என்ற வரைபடம் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. பேச்சை இழந்த ஒருவரின் மூளையை அவர் இறந்த பின் ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, இடப்பக்க முன்மடலில் பேச்சுக்கான இடத்தை 1861இல் சுட்டிக்காட்டினார். கனடாவின் மான்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு, உணர்விழக்கச் செய்யாமல் அறுவை செய்த 126 பேரின் மூளைப் பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தூண்டி, கை, கால், உதடு, நாக்கு ஆகியவற்றின் அசைவும் தொடுவுணர்வும் எங்கெங்கே அமைந்துள்ளன என்பதை 1937இல் எட்வின் போல்ட்ரேயுடன் சேர்ந்து வெளியிட்டார். இன்றைய பாடநூல்களில் உள்ள மூளை வரைபடங்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவையே.

எனினும் அறுவை மேடையில் பாடநூல் படத்தை நம்பிக் கத்தி வைக்க முடியாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜார்ஜ் ஓஜெமன் 117 நோயாளிகளின் மூளையில் மொழிக்கு இன்றியமையாத இடங்களைக் குறித்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், அந்த இடங்கள் ஓரிரு சதுர சென்டிமீட்டர் அளவுள்ள சிறு திட்டுகளாக இருப்பதும், ஆளுக்கு ஆள் வெகுவாக இடம் மாறுவதும் தெரியவந்தது. கட்டி வளர்ந்து சுற்றியுள்ள பகுதிகளைத் தள்ளியிருக்கும் மூளையிலோ இந்த நிச்சயமின்மை இன்னும் கூடுகிறது.

படங்களும் ஓரளவுக்கே உதவுகின்றன. ஒருவர் பேசும்போதோ விரலை அசைக்கும்போதோ மூளையில் இரத்த ஓட்டம் கூடும் இடங்களைச் செயல்முறை எம்.ஆர்.ஐ. காட்டுகிறது, ஆனால் ஒரு வேலையில் பங்கேற்கும் இடத்தையும், அது இல்லாவிட்டால் அந்த வேலையே நடக்காது என்ற இடத்தையும் அதனால் பிரித்துக் காட்ட முடிவதில்லை. மண்டையோட்டைத் திறந்து மூளைத் தண்டுவட நீர் வடிந்ததும் மூளை சற்றே தாழ்ந்து நகர்ந்துவிடுவதால், முன்னர் எடுத்த படத்தைக் கொண்டு வழிகாட்டும் கணினிக் கருவியும் பிசகத் தொடங்குகிறது. அமினோலெவுலினிக் அமிலம் கலந்த நீரை அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு குடிக்கச் செய்தால், நீல ஒளியில் வீரியமிக்க கட்டித் திசு செந்நிறமாக ஒளிர்கிறது. இந்த முறையால், படத்தில் தெரிந்த கட்டி முழுவதும் அகற்றப்பட்டவர்களின் விகிதம் 36லிருந்து 65 சதவீதமாக உயர்ந்ததை 2006இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வு காட்டியது. இது பெரிய முன்னேற்றம்தான் என்றாலும், அந்தச் செந்நிறம் கட்டி எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அதே இடத்தில் நோயாளியின் சொற்களும் இருக்கின்றனவா என்பதைச் சொல்வதில்லை.

அதைச் சொல்லக்கூடியவர் நோயாளி மட்டுமே என்பதால்தான் அவரை விழித்த நிலையில் வைத்து அறுவை செய்கிறார்கள். கேட்பவரைத் திடுக்கிட வைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு உடலமைப்பே இடம் கொடுக்கிறது: தோலுக்கும் எலும்பைச் சூழ்ந்த சவ்வுக்கும் மூளையின் வெளியுறைக்கும் வலி உண்டு, மூளைத் திசுவுக்கு வலியுணர்வு கிடையாது. தலைத்தோலுக்குச் செல்லும் நரம்புகளை ஊசி மருந்தால் மரக்கச் செய்து, மண்டையோட்டைத் திறக்கும்வரை நோயாளியைத் தூங்கவைத்து, பிறகு எழுப்புவது பரவலாகக் கையாளப்படும் முறை. கண் விழித்தவருடன் பழகிய குரலில் பேசத் தொடங்குவது பெரும்பாலும் முந்தைய நாட்களிலேயே அவருக்குப் பயிற்சி அளித்த பேச்சு மருத்துவராகவோ உளவியலாளராகவோ இருக்கும்.

நோயாளியின் முன்னால் உள்ள திரையில் சில நொடிகளுக்கு ஒரு படமாக வந்துபோகிறது. வெறும் பெயரைச் சொல்லாமல் 'இது நாய்', 'இது குடை' என்று வாக்கியமாகச் சொல்லுமாறு முன்பே அறிவுறுத்தியிருப்பார்கள். ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு நுனிகள் கொண்ட தூண்டுகோலால் அறுவை மருத்துவர் மூளைப் பரப்பை ஒவ்வோர் இடமாகத் தொட்டுச் சில மில்லி ஆம்பியர் மின்சாரத்தைச் செலுத்துகிறார். அந்த நொடிகளுக்கு மட்டும் அந்தச் சிறு பகுதி செயலற்றுப் போகிறது. நோயாளியின் வாயிலிருந்து 'இது' என்ற சொல்கூட வரவில்லை என்றால் பேச்சை வெளிப்படுத்தும் இயக்கமே தடைப்படுகிறது என்று பொருள். 'இது' என்று சொல்லிவிட்டு, குடையின் பெயர் கிடைக்காமல் தடுமாறினால் பெயரைத் தேடி எடுக்கும் இடம் அது. பிழை மீண்டும் நிகழ்கிறதா என்று பார்த்து, எண் பொறித்த சிறு சீட்டை அங்கே வைக்கிறார்கள். தூண்டலால் சில வேளை வலிப்பு வருவதுண்டு. அதை அடக்குவதற்கென்றே ஊற்றத் தயாராகப் பனிக்கட்டியளவு குளிர்ந்த உப்புநீர் பக்கத்தில் இருக்கும்.

பரப்பைக் காப்பது மட்டும் போதாது. மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைக் கற்றைகள் ஆழத்தில் வெண்பொருளாக ஓடுகின்றன. அவை அறுந்தால், பரப்பு சிதையாமல் இருந்தாலும் பயனில்லை. ஆகவே கட்டியை எடுத்துக்கொண்டே ஆழத்திலும் தூண்டிப் பார்க்கிறார்கள். ஒரு கற்றையைத் தொட்டால் 'பட்டம்' என்பது 'கட்டம்' என ஒலி பிறழ்ந்து வருகிறது. வேறொரு கற்றையைத் தொட்டால் சிங்கத்தைப் பார்த்து 'இது புலி' என்று பொருள் பிறழ்ந்து வருகிறது. மொழிக்கான இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவர் மிட்செல் பெர்கர் வழியினரின் நெறி. பிரான்சின் மான்ட்பெல்லியே நகரைச் சேர்ந்த யூக் டுஃபோ இடைவெளி விடாமல் அந்த இடத்தின் விளிம்புவரை சென்று நிறுத்துகிறார்.

இத்தனை பாடும் வீண் போவதில்லை. பெர்கர் குழுவினர் மொழிப் பகுதிகளை ஆராய்ந்து அறுவை செய்த 250 பேரைப் பற்றி 2008இல் வெளியிட்டபோது, ஒரு வாரம் கழித்து 56 பேருக்குப் பேச்சில் புதிய குறையோ முன்பிருந்த குறையின் மிகுதியோ இருந்தது. ஆறு மாதத்தில் அவர்களில் 52 பேர் பழைய நிலைக்கோ அதைவிட நல்ல நிலைக்கோ திரும்பிவிட்டனர். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2012இல் வந்த ஆய்வு, அறுவையின்போது மூளையைத் தூண்டிப் பார்த்தவர்களில் 3.4 சதவீதத்தினருக்கும், அவ்வாறு பார்க்காதவர்களில் 8.2 சதவீதத்தினருக்கும் கடுமையான குறைபாடு நிலைத்துவிட்டதாகக் கூறுகிறது. தூண்டிப் பார்த்தவர்களிடமே கட்டியும் அதிகமாக அகற்றப்பட்டிருந்தது என்பது இன்னும் முக்கியமானது. எல்லையைத் திட்டமாக அறிந்தவர்தான் அதன் அருகில் வரை துணிந்து செல்ல முடியும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1949இல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கி இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்ட ஜேக்கப் சாண்டி, மான்ட்ரியாலில் பென்ஃபீல்டிடம் பயின்றவர். அந்த வழிவந்த நம் நாட்டில் இந்த அறுவைக்குரிய ஒரு தேவையை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இருமொழி பேசுவோரின் மூளையில் ஒரு மொழிக்கு இன்றியமையாத சில இடங்கள் மற்ற மொழிக்கு அவ்வாறு இருப்பதில்லை என்பதை ஓஜெமனும் ஹேரி விட்டேக்கரும் 1978லேயே காட்டினர். வீட்டில் தமிழும் அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசுகிறவரை ஒரு மொழியில் மட்டும் சோதித்தால் மற்றொன்று காப்பின்றி நிற்கும். வெளிநாட்டுப் படத்தொகுப்பை மொழிபெயர்த்துக் காட்டுவதும் போதாது. நோயாளி தம் அன்றாட வாழ்வில் தயங்காமல் பெயர் சொல்லும் பொருட்களாக அந்தப் படங்கள் இருக்க வேண்டும். இல்லையேல் அவர் தடுமாறியது மின்சாரத்தாலா, பழக்கமின்மையாலா என்று யாராலும் சொல்ல இயலாது.

காக்க வேண்டியது பேச்சும் கை கால் அசைவும் மட்டும்தானா என்ற கேள்வியைப் பென்ஃபீல்டே தம் குடும்பத்தில் சந்தித்தார். அவர் 1928இல் தம் சொந்த அக்காளின் வலது முன்மடலிலிருந்து பெரிய கட்டியை, மடலின் பெரும்பகுதியோடு அகற்றினார். அந்த அம்மையார் நன்றாகப் பேசினார், நடந்தார், குடும்பத்தைக் கவனித்தார். ஓராண்டுக்கும் மேலான பிறகு தம்பியை விருந்துக்கு அழைத்தவர், நீண்ட நேரம் தனியாக உழைத்தும் எதை முதலில் செய்வது, எதை அடுத்து வைப்பது என்று ஒழுங்குபடுத்த இயலாமல், அடுப்பில் ஓரிரு பண்டங்கள் மட்டும் இருக்க, சமையலறையில் கலங்கி நின்றார். பென்ஃபீல்டு இதை மறைக்காமல் 1935இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதியது மருத்துவத்துக்குச் செய்த பெரிய உதவி. பேச்சு சிதையாதவரை வலப்பக்க மூளையில் தாராளமாக வெட்டலாம் என்ற எண்ணம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்ததுதான் வருந்தத்தக்கது.

இப்போது சில மையங்களில் வலப்பக்க அறுவையிலும் நோயாளியை விழிக்க வைத்து, ஒரு கோட்டின் நடுவைச் சரியாகக் குறிக்கிறாரா, முகத்தைப் பார்த்து அதிலுள்ள உணர்ச்சியை அறிகிறாரா என்று சோதிக்கிறார்கள். லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் 2020இல் ஒரு பெண் அறுவையின் நடுவே வயலின் வாசித்த செய்தி உலகெங்கும் வேடிக்கையாகப் பேசப்பட்டது. அவருடைய கட்டி இடக்கை விரல்களை இயக்கும் பகுதிக்கு அருகே இருந்ததால், அந்த வாசிப்பு அவருக்கு வேண்டிய சோதனையாகவே இருந்தது. எனவே என்ன தொழில் செய்கிறார், எந்தெந்த மொழி பேசுகிறார், எது போனால் தம் வாழ்க்கை நின்றுவிடும் என்று கருதுகிறார் என்பதையெல்லாம் அறுவைக்கு முன்பே நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் கேட்டுப் பதிவு செய்வது, எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு நிகரான மருத்துவக் கடமையாகும்.

விழித்த நிலை அறுவை எல்லோருக்கும் பொருந்துவதில்லை; ஏற்கெனவே பேச்சு பெரிதும் குலைந்தவர்கள், மிகுந்த அச்சமுடையவர்கள், சிறு குழந்தைகள் ஆகியோருக்கு வேறு வழிகளையே நாட வேண்டும். கட்டியின் ஒரு பகுதியை விட்டுவர நேர்ந்தால் அதைத் தோல்வியாகவும் கொள்ள வேண்டியதில்லை. ஆண்டுக்குச் சராசரியாக நான்கு மில்லிமீட்டர் மட்டுமே விரியும் மெதுவான கிளையோமாவைச் சுற்றி, மூளை தன் பணிகளைச் சிறிது சிறிதாகப் பக்கத்துப் பகுதிகளுக்கு மாற்றிக்கொள்கிறது. முதல் அறுவையில் தொடக்கூடாது என்று விடப்பட்ட ஓரிடம், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் தூண்டிப் பார்க்கும்போது எந்தத் தடுமாற்றத்தையும் காட்டாமல் இருப்பதை டுஃபோ குழுவினர் பதிவு செய்துள்ளனர். அன்று எஞ்சிய கட்டியையும் அவர்கள் எடுக்கிறார்கள்.