வலி மருந்தைக் கண்டு பயப்படலாமா?

திருச்சுழி என்றதும் ரமண மகரிஷி பிறந்த ஊர் என்பதுதான் உங்களுக்கு நினைவு வரும். 1948-ம் ஆண்டின் இறுதியில், திருவண்ணாமலையில் இருந்த அவருடைய இடது முழங்கைக்குக் கீழே சின்னஞ்சிறு கட்டி ஒன்று தலைகாட்டியது. 1949 பிப்ரவரியில் அதை அறுத்து எடுத்தார்கள். மறுபடி வந்தது. மார்ச்சில், ஆகஸ்டில், டிசம்பரில் என்று அடுத்தடுத்து ஆபரேஷன்கள் நடந்தன. ரேடியம் சிகிச்சையும் பார்த்தார்கள். கட்டி விடவில்லை. 1950 ஏப்ரல் 14-ந் தேதி மகரிஷி மறைந்தார். சார்கோமா என்ற புற்றுநோய் அது.

வெட்ட வெட்டத் துளிர்க்கும் கட்டிக்கு ஆகாரம் எங்கிருந்து வருகிறது? அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பெண்களிடம் கேட்டால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். வானம் பார்த்த பூமி அது. கண்மாயில் தண்ணீர் கிடந்தாலும், கால் வெட்டினால்தானே வயலுக்கு வரும்? உடம்பிலும் அப்படித்தான். புது ரத்தக் குழாய்கள் முளைத்தாலொழியக் கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பெருக்காது என்று 1971-ல் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஜூடா ஃபோக்மன் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், புண் ஆறுவதற்கும் அதே புதுக் குழாய்கள் வேண்டும். பயிருக்கு வெட்டிய காலில் சீமைக் கருவேலும் வேர் விட்டுக் குடிக்கிற கதைதான்!

இங்கேதான் மார்பின் வந்து சேருகிறது. அபினியிலிருந்து எடுக்கும் இந்த மருந்து, புற்றுநோயின் கடும் வலிக்குக் கைகண்டது. ஆனால், அமெரிக்காவில் மின்னசோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த கல்பனா குப்தா என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் 2002-ல் ஒரு செய்தி வெளியிட்டார்கள். மனிதரின் மார்பகப் புற்று அணுக்களைச் சுண்டெலிகளில் வளர்த்து மார்பின் கொடுத்தபோது, புது ரத்தக் குழாய்கள் மிகுந்து கட்டியும் பெருத்ததாம்.

பயமாக இருக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். அதே சர்வகலாசாலையில் சபீதா ராய் என்ற இன்னொரு பெண் விஞ்ஞானியின் குழு, 2010-ல் நேர்மாறாகச் சொன்னது. வேறு வகைப் புற்று கொண்ட எலிகளில், மார்பின் குழாய்கள் முளைப்பதைக் குறைத்ததாம்! நாள்பட மார்பின் கொடுத்தால் எலிகளின் புண் ஆறத் தாமதமாகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். புண்ணைத் துப்புரவு செய்ய வரவேண்டிய வெள்ளை அணுக்கள் நேரத்துக்கு வந்து சேராததே காரணம். ஒரே கட்டடத்து மாமியாரும் மருமகளும் போல விஞ்ஞானமும் சில சமயம் இரண்டு பேச்சுப் பேசும். மருந்தின் அளவும், நாளும், நோயின் வகையும் மாறினால் விளைவும் மாறிவிடுகிறது.

எலிகள் கிடக்கட்டும், நம்மைப் போன்ற பெண்களுக்கு என்ன ஆயிற்று? மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல தேசத்து ஆஸ்பத்திரிகளில் இரண்டு பிரிவாக்கிக் கவனித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு நரம்பை மரக்கச் செய்து அபினி மருந்தைக் குறைத்தார்கள். மற்றவருக்கு வழக்கமான மயக்கமும் அபினி வகை மருந்தும். இரு பிரிவிலும் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்குத்தான் நோய் திரும்பியது. வித்தியாசமே இல்லை!

இன்னொன்றும் கேளுங்கள். ஆபரேஷன் வலியில் தவித்த எலிகளுக்குப் புற்று அதிகம் பரவியது என்றும், மார்பின் கொடுத்து வலியைத் தணித்ததும் அந்தப் பரவல் குறைந்தது என்றும் 1993-லேயே ஓர் ஆராய்ச்சி காட்டிவிட்டது. அப்படியானால், "கட்டி வளர்ந்துவிடுமே" என்று அஞ்சி, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு, அத்தை ராத்திரி முழுவதும் முனகுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதில் என்ன லாபம்?

மருந்து கிடைப்பதும் ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின்படி பல லைசென்சுகள் வேண்டியிருந்ததால், ஆஸ்பத்திரிகளே மார்பின் வாங்கத் தயங்கின. 2014-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள்.

வீட்டில் மார்பின் சாப்பிடுகிறவர் இருந்தால் வேளை தவறாமல் கொடுங்கள். நீங்களாகக் கூட்டவோ, திடீரென்று நிறுத்தவோ வேண்டாம். ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மலச்சிக்கல் அநேகமாக எல்லோருக்கும் வரும். அதற்கும் முதல் நாளே மருந்து கேட்டு வாங்கிவிடுங்கள். மாத்திரைப் புட்டி மட்டும் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.