ஒரு 'சேவ்' எவ்வளவு நேரம் பிடிக்கும்?

டேட்டாபேஸ் என்றதும் ஏதோ வங்கி, ரயில்வே சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. பயர்பாக்ஸ், குரோம் பிரவுசர்கள் நீங்கள் பார்த்த இணைய தளங்களின் பட்டியலை எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸில்தான் எழுதி வைக்கின்றன. 2000-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் உருவாக்கியது, இலவசம்.

என் மாமாவின் மருந்துக் கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதியபோது நானும் இதையே பயன்படுத்தினேன். 9,000 மருந்துகளின் புதிய விலைப் பட்டியலை ஏற்ற இரண்டரை நிமிடம் ஆனது. அதுவரை பில் போட முடியாது. "கவுண்டரில் ஆள் நிற்கிறார்களே தம்பி, இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார் மாமா. புராசசர் பழசு, அதுதான் காரணம் என்று நினைத்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். புராசசர் சும்மாதான் இருந்தது!

காத்திருப்பு ஹார்டு டிஸ்க்குக்காக. கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் டிஸ்க், விநாடிக்கு 120 முறை சுற்றும். ஒரு பதிவு டிஸ்க்கில் உண்மையிலேயே எழுதப்பட்டுவிட்டது என்று உறுதி செய்வதை 'கமிட்' என்பார்கள். ஒரு கமிட்டுக்கு டிஸ்க் சுமார் இரண்டு முழுச் சுற்று வர வேண்டும். ஆக, விநாடிக்கு ஏறக்குறைய 60 கமிட்தான். என் புரோகிராம் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கமிட் செய்தது. 9,000-ஐ 60-ஆல் வகுத்தால் 150 விநாடி. சரியாக இரண்டரை நிமிடம்.

நான் முதலில் பிடித்தது குறுக்குவழி. 'சிங்க்ரோனஸ்' என்ற அமைப்பை ஆஃப் செய்தேன். அப்படிச் செய்தால் எஸ்க்யூலைட் தகவலை விண்டோஸிடம் கொடுத்துவிட்டு, டிஸ்க்கில் ஏறியதா என்று பார்க்காமலே அடுத்த வேலைக்குப் போய்விடும். வேகம் பறந்தது. மூன்றாவது வாரம் ஒரு மாலை கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி செத்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. திரும்ப ஆன் செய்தால், டேட்டாபேஸ் பைல் கெட்டுவிட்டது என்று செய்தி வந்தது. முந்தைய இரவு எடுத்த காப்பி இருந்ததால் தப்பித்தோம். அன்றைய பில்களை மட்டும் கார்பன் நகல் பார்த்து இருவரும் இரவு பதினொரு மணி வரை டைப் செய்தோம். மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சரியான வழி மிக எளிது. ஒவ்வொரு கடிதத்துக்கும் தபால் ஆபீஸுக்கு நடக்காமல், கட்டாகக் கட்டி ஒரே நடையில் போடுவது போலத்தான். பட்டியலின் தொடக்கத்தில் 'பிகின்', முடிவில் 'கமிட்' என்று இரண்டே கட்டளைகள். 9,000 மருந்தும் ஒரே கமிட்டில், ஒரு விநாடிக்குள் ஏறிவிட்டன. நடுவில் கரண்ட் போனாலும் பழைய பட்டியல் அப்படியே இருக்கும். பாதி புதுசு, பாதி பழசு என்ற குழப்பம் வராது.

இப்போது பலரும் வாங்கும் எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டு கிடையாது. அதனால் கமிட் வெகு வேகம். ஆனாலும் அதற்கும் நேரம் பிடிக்கும்; மொத்தமாக ஏற்றும்போது கட்டாகக் கட்டுவதே லாபம்.

மாமா கடையில் விலைப் பட்டியலுக்கு ஒரு கமிட், ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனி கமிட். 'சிங்க்ரோனஸ்' பக்கம் நான் போவதே இல்லை. யுபிஎஸ்ஸுக்கும் புது பேட்டரி போட்டாயிற்று.