உணவுப் பாதுகாப்பு அலுவலரின் பணியும் நம் சங்கங்களின் பொறுப்பும்

நெசவாளர் சங்கத்தில் ஓர் அங்கத்தினர் தாம் நெய்த சேலையைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்போது, அதனை அப்படியே வாங்கி அலமாரியில் அடுக்கிவிடும் வழக்கம் நம்மிடம் இல்லை. நீள அகலம் அளக்கப்படுகிறது, எடை பார்க்கப்படுகிறது, இழைகள் எண்ணப்படுகின்றன, சாயம் நீரில் நிற்குமா என்று சோதிக்கப்படுகிறது. அதன் பின்னரே சங்கத்தின் முத்திரை விழுகிறது. நெய்தவரை ஒருநாளும் கண்டிராத ஒருவர், எங்கோ ஓர் ஊரில், அம்முத்திரையை நம்பிப் பணம் கொடுக்கிறார். துணிக்கே இத்துணைக் கவனம் வேண்டுமாயின், வயிற்றுக்குள் செல்லும் பண்டத்துக்கு எத்துணைக் கவனம் வேண்டும்! சாயம் போனால் உடுத்தவருக்கு மனவருத்தம். உணவில் தீங்கு இருந்தால் உண்டவருக்கு உடல் வருத்தம். சில வேளைகளில் உயிருக்கே கேடு.

உணவுப் பண்டங்களைச் சோதித்து, குற்றம் கண்டவிடத்து நடவடிக்கை எடுப்பதற்கென்றே அரசு அலுவலர்களை நியமித்துள்ளது. இவர்களைப் பற்றிப் பயிரிடுவோர் சங்கங்களில் அச்சம் நிரம்ப உண்டு. அறிவு மிகக் குறைவு. அவ்வறியாமையால் விளைந்த ஒரு நஷ்டத்தை நாம் நேரில் கண்டோம். அதனை முதலில் கூறிவிட்டுப் பின்னர் விளக்கத்துக்குச் செல்வோம்.

ஒரு கிடங்கில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன், பொங்கலுக்குச் சில வாரங்கள் இருக்கையில், கரும்பு பயிரிடுவோர் சங்கம் ஒன்றின் கிடங்கில் அங்கத்தினர்களின் வெல்லம் சிப்பம் சிப்பமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தார். அடுக்கிலிருந்து மாதிரி எடுத்தார். ஐயத்துக்கிடமான சரக்கென்று முழு அடுக்கையும் விற்கக் கூடாதெனக் கைப்பற்றி, சங்கத்தின் காவலிலேயே விட்டுச் சென்றார். ஆய்வறிக்கை வந்தது. சட்டம் அனுமதித்த அளவுக்கு மேல் கந்தக டை ஆக்ஸைடு இருப்பதாக அதில் கண்டிருந்தது.

அங்கத்தினர் ஒருவர் மட்டுமே தம் ஆலைக்கொட்டகையில் பாகு வெளுக்க ஹைட்ரோஸ் போட்டிருந்தார். பின்னர் அவரே அதனை ஒப்புக்கொண்டார். மற்றவர்களின் வெல்லத்தில் குறையில்லை. ஆனால் எது எவருடைய சிப்பம் என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லை. முதியவர் ஒருவர் நம்மிடம் வந்து, "நான் சுண்ணாம்பும் வெண்டைச் சாறும் தவிர வேறொன்றும் போட்டதில்லை ஐயா. என் சரக்கு எது என்று காட்டுங்கள்; நான் எடுத்துக்கொண்டு போகிறேன்" என்றார். நம்மால் காட்ட இயலவில்லை. பொங்கல் கழிந்தது. அபராதம் சங்க நிதியிலிருந்து கட்டப்பட்டது. அதாவது குற்றமற்றவர்களின் பங்கிலிருந்தும் கட்டப்பட்டது.

இதில் நமக்கும் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை. முந்திய ஆண்டு அச்சங்கத்தின் இருப்பைப் பார்வையிட்டு, "எடை சரியாக உள்ளது" என்று பதிவேட்டில் கையொப்பமிட்டவர்கள் நாமே. எடையைப் பார்த்தோம், எவர் சரக்கு எது என்று கேட்கவில்லை.

ஹைட்ரோஸ் என்பது யாது?

சோடியம் ஹைட்ரோசல்பைட் என்னும் இப்பொருளை நெசவாளர்கள் நன்கறிவர். சாயப்பட்டறையில் வாட் சாயத்தைக் கரையச் செய்து நூலில் ஏற்றுவதற்கு இதுவே உதவுகிறது. அங்கே அது பயனுள்ள சரக்கு. அதே பொருளைக் கொதிக்கும் கொப்பரையில் இட்டால் வெல்லம் பளிச்சென்று மஞ்சளாக வருகிறது. வாங்குவோர் வெளுத்த வெல்லமே நல்ல வெல்லம் என்று கருதுவதால் வியாபாரி அதற்கு விலை கூட்டிக் கேட்கிறார். விலைக்கு ஆசைப்பட்டு ஆலைக்காரர் அதனை இடுகிறார். வேறு சில இடங்களில் உரமாக வயலுக்குச் செல்லவேண்டிய சூப்பர் பாஸ்பேட்டையும் பாகில் இட்டிருப்பதாக அலுவலர்கள் கண்டுள்ளனர். வெல்லத்துக்குப் பதிலாகச் சர்க்கரையைக் கரைத்து ஊற்றுவாரும் உளர்.

வெல்லத்தில் கந்தக டை ஆக்ஸைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. ஆஸ்த்துமா உள்ள சிலருக்கு இப்பொருள் மூச்சுத் திணறலை உண்டாக்கும். கண்ணால் பார்த்து இதன் அளவைச் சொல்ல எவராலும் இயலாது. ஆதலின்தான் அலுவலரும், மாதிரியும், ஆய்வுக்கூடமும் வேண்டியிருக்கின்றன.

சட்டமும் அலுவலர்களும்

உணவுக் கலப்படத்தைத் தடுக்க நம் மாகாணத்தில் 1918-லேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான கலப்படத் தடைச் சட்டம் 1954-ல் வந்தது. அதன் இடத்தில் இப்போது இருப்பது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம். இதன் விதிகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தன.

இச்சட்டப்படி மாநிலத்துக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையர் ஒருவர் உளர். மாவட்டத்தில் இப்பணிக்குத் தலைவராக இருப்பவர் நியமன அலுவலர். அவருக்குக் கீழே, தத்தம் எல்லைக்குள் சென்று பார்வையிடுபவர்கள் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள். கடைக்கும் கிடங்குக்கும் வருபவர் இவரே ஆதலால், மக்கள் இவரை மட்டுமே அறிவர். ஆனால் முடிவு எடுக்கும் பொறுப்பு நியமன அலுவலரிடம் உள்ளது. உரிமம் வழங்குதலும் இரத்துச் செய்தலும், ஒவ்வொரு பார்வையிடலுக்கும் பதிவேடு வைத்தலும், பொதுமக்களின் புகாரை விசாரித்தலும் அவர் கடமைகள். தமக்குக் கீழுள்ள அலுவலர்மீதே புகார் வந்தால் அதனையும் அவர் விசாரிக்கவேண்டும். தக்க காரணமின்றிச் சரக்கைக் கைப்பற்றித் தொல்லை கொடுத்த அலுவலருக்கு அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அதிகாரம் பெரிது, அதற்கேற்ற கட்டுப்பாடும் பெரிது என்பதை அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டும்.

மாதிரி எடுக்கும் முறை

இவர்களது பணியில் உயிர்நிலையானது மாதிரி எடுத்தலே. இதில் ஒரு பிழை நேர்ந்தால் பின்னர் நடப்பதெல்லாம் பயனற்றுப் போகும்.

முதலில், ஆய்வுக்காக மாதிரி எடுக்கிறேன் என்று அலுவலர் எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். சாட்சியாக இருக்க ஒருவரையேனும் அழைக்கவேண்டும். எடுத்த பண்டத்துக்கு விலை கொடுக்கவேண்டும். பின்னர் அதனை நான்கு பகுதிகளாக்கி, தூய்மையான உலர்ந்த கலங்களில் இட்டு, காகிதத்தால் சுற்றி, கயிறு கட்டி, அரக்கு முத்திரை வைக்கவேண்டும். பாலாயின் கெடாதிருக்க ஃபார்மலின் சேர்க்கப்படும். பண்டத்துக்கு உடையவரின் கையொப்பமும் அதில் இடம்பெறும். பாதி சீட்டின்மீதும் பாதி சுற்றுக் காகிதத்தின்மீதும் விழுமாறு அக்கையொப்பம் வாங்கப்படுகிறது. பிரித்து மாற்றினால் வெளிப்பட்டுவிடும் என்பதே இதன் கருத்து.

நான்கில் ஒரு பகுதி உணவுப் பகுப்பாய்வாளருக்குச் செல்கிறது. இரண்டு பகுதிகள் நியமன அலுவலரிடம் பத்திரமாக வைக்கப்படுகின்றன. நான்காவது பகுதியை, அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புமாறு பண்டத்துக்கு உடையவர் கேட்கலாம். இது அவருக்குச் சட்டம் அளித்த உரிமை. நாம் கண்ட சங்கத்தின் காரியதரிசி, காட்டிய இடத்தில் கையொப்பமிட்டாரேயன்றி, தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. நான்காவது பகுதி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஆய்வும் முடிவும்

தமிழ்நாட்டில் கிண்டி, சேலம், கோயம்புத்தூர், மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக்கூடங்கள் உள்ளன. மாதிரி கிடைத்த 14 நாட்களுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை அனுப்பவேண்டும். அவ்வறிக்கை தவறெனக் கருதுவோர், அது கிடைத்த 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் தம்மிடமுள்ள பகுதியை மேலாய்வுக்கூடத்துக்கு அனுப்ப முடிவு செய்யின், அங்கு வரும் முடிவே இறுதியானது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும் அத்தகைய மேலாய்வு செய்யும் இடங்களில் ஒன்று.

அறிக்கை வந்தபின் நியமன அலுவலர் குற்றத்தின் தன்மையை எடைபோடுகிறார். பண்டம் தரம் குறைந்ததா? சீட்டில் பொய்யான விவரம் உள்ளதா? அன்றி உண்பார்க்குக் கேடு விளைப்பதா? முதலிரண்டும் அபராதத்துக்குரியவை, மாவட்டத்தில் தீர்ப்பளிக்கும் அலுவலர் முன் விசாரிக்கப்படுகின்றன. தரம் குறைந்த பண்டத்துக்கு 5 இலட்சம் ரூபாய் வரையிலும், பொய்ச் சீட்டுக்கு 3 இலட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. கேடு விளைக்கும் உணவாயின் சிறைத் தண்டனைக்குரிய வழக்கு. அதற்கு ஆணையரின் அனுமதி வேண்டும்.

எல்லாக் குறைக்கும் வழக்கே மருந்து என்று எண்ணவேண்டா. கிடங்கில் எலி ஓடுகிறது, கொப்பரை துரு ஏறியிருக்கிறது என்பன போன்ற குறைகளுக்கு, அவற்றைத் திருத்திக்கொள்ளுமாறு குறைந்தது 14 நாட்கள் தவணை தந்து அறிவிப்பு அனுப்பப்படும். திருந்தாதவரின் உரிமமே முதலில் நிறுத்தி வைக்கப்பட்டு, பின்னர் இரத்தாகும்.

வயலும் சங்கத்தின் வாசலும்

இங்கே பயிரிடுவோர் சங்கங்கள் மனத்திற் பதிக்கவேண்டிய ஒரு செய்தி உள்ளது. உழவருக்கும், அவர் வயலில் விளைந்து அவர் கையில் இருக்கும் விளைபொருளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று சட்டமே கூறுகிறது. ஆனால் அவ்விளைபொருள் வேறொருவர் கைக்கு மாறியவுடன் உணவாகிவிடுகிறது, சட்டமும் பொருந்திவிடுகிறது. "நாம் லாபத்துக்கு நடத்தவில்லையே, கூட்டுறவு அல்லவா?" என்று கேட்பாருக்கும் விடை உண்டு. லாப நோக்கம் இருப்பினும் இல்லாவிடினும், பொது நிறுவனமாயினும் தனியாராயினும், உணவுத் தொழில் உணவுத் தொழிலே. சிறிய அளவில் நடத்துவோர் பதிவும், பெரிய அளவில் நடத்துவோர் உரிமமும் பெற்றே தீரவேண்டும்.

ஒரு தொகுதிச் சரக்கில் ஒரு பகுதி கேடுள்ளதெனக் கண்டால், தக்க ஆய்வினால் மாறாக நிறுவப்படும்வரை, அத்தொகுதி முழுவதும் கேடுள்ளதெனவே கொள்ளப்படும். மேலும், தாம் விற்கும் பண்டம் எவரிடமிருந்து வந்தது என்று காட்ட இயலாத விற்பனையாளர், குற்றத்தைத் தாமே சுமக்கவேண்டும். அதே வேளையில், தக்க முன்னெச்சரிக்கையும் கவனமும் செலுத்தினேன் என்று மெய்ப்பிப்பவருக்கு அதுவே நல்ல எதிர்வாதமாகும். அந்த முதியவரின் கேள்விக்கு விடை இம்மூன்று விதிகளிலும் இருந்தது. சங்கத்தின் பதிவேட்டில் மட்டும் இல்லை.

நாம் செய்யவேண்டுவன

நிர்வாகக் குழுவினர் பின்வருவனவற்றை உடனே கைக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

1. சரக்கு வரும்போதே ஒவ்வொரு சிப்பத்தின்மீதும் அங்கத்தினர் எண்ணும் தேதியும் குறிக்கவேண்டும். அதே எண் வரவுப் பதிவேட்டில் இருக்கவேண்டும்.

2. ஒருவர் சரக்கையும் மற்றொருவர் சரக்கையும் ஒரே அடுக்கில் கலக்கலாகாது. இடம் போதாதெனின், இடையே பலகையேனும் வைக்கவேண்டும்.

3. ஒவ்வொரு வரவிலிருந்தும் சிறிது எடுத்து, எண்ணிட்டு, விற்பனை முடிந்து சில மாதங்கள் வரை வைத்திருக்கவேண்டும். ஐயம் தோன்றினால் அரசு கேட்குமுன் நாமே ஆய்வுக்கு அனுப்பலாம்.

4. பாகில் என்ன சேர்த்தார் என்று அங்கத்தினர் எழுதிக் கையொப்பமிட்டுத் தரவேண்டும். நிறத்துக்கு விலை கூட்டும் வழக்கத்தைச் சங்கமே கைவிடவேண்டும். வெளுத்த வெல்லத்துக்குக் கூடுதல் விலை கொடுத்துக்கொண்டே ஹைட்ரோஸ் போடாதே என்பது, பயிரை மேயவிட்டுப் பின் வேலி கட்டுவது போலாகும்.

5. அலுவலர் வரும்போது பொறுப்பாளர் ஒருவர் உடனிருந்து, தாளைப் படித்துப் பார்த்தே கையொப்பமிடவேண்டும். நான்காவது பகுதியை ஆய்வுக்கு அனுப்புமாறு கேட்கத் தயங்கவேண்டா. அறிக்கை கிடைத்த நாளைக் குறித்துக்கொள்ளவேண்டும். 30 நாட்கள் விரைவில் ஓடிவிடும்.

இறுதியாக ஒரு சொல். சோதனைக்கு ஆளான சங்கத்தார் சிலர் நம்மிடம் வந்து, "அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்பதுண்டு. சொல்வதற்கு ஒன்றுமில்லை. அவர் முன் பேசக்கூடியது பதிவேடு ஒன்றே. நேர்மையாகப் பாகு காய்ச்சும் அங்கத்தினரைக் கலப்படக்காரரின் போட்டியிலிருந்து காப்பவரும் அந்த அலுவலரே. ஆனால் நேர்மையானவர் எவர் என்று அவருக்குக் காட்டவேண்டிய கடமை சங்கத்தினுடையது.

நாம் இப்போது எந்தக் கிடங்குக்குச் சென்றாலும் எடை பார்க்குமுன், ஏதேனும் ஒரு சிப்பத்தைச் சுட்டி, "இது எவருடையது?" என்று கேட்கிறோம். உடனே விடை வருமாயின் அச்சங்கத்துக்கு எந்த அலுவலர் வரினும் அச்சமில்லை. அடுத்த முறை உங்கள் சங்கத்துக்கு வரும்போதும் அக்கேள்வியையே கேட்போம்.